வென்றவனுக்கு வெறுங்கை

பொருள் விற்பது மட்டுமே வணிகமன்று. வைப்பகம், காப்புறுதி, தொலைத்தொடர்பு முதலிய பணிகளும் நாடுவிட்டு நாடு விலைபோதல் வேண்டுமெனச் செல்வ நாடுகள் 1986இல் உருகுவேயில் கூடிய வணிகப் பேச்சில் வலியுறுத்தின. இந்தியாவும் பிரேசிலும் முன்னின்று மறுத்தன, மறுப்பு நிலைக்கவில்லை. 1995இல் பணிவணிகப் பொது உடன்படிக்கை நடப்புக்கு வந்தது. சட்டம் எல்லார்க்கும் ஒன்றே, சிறுநாடும் பெருநாட்டை வழக்கில் நிறுத்தலாம் என்று வளரும் நாடுகட்கு நம்பிக்கை ஊட்டினர்.

ஆண்டிகுவா பார்புடா அதனை நம்பியது. கரிபியக் கடலிலுள்ள அத்தீவுநாட்டில் வாழ்வோர் ஏறத்தாழ ஒரு நூறாயிரவரே. புயலடித்தால் படுத்துவிடும் சுற்றுலாவை மட்டுமே சார்ந்திராமல், இணையவழிப் பந்தயத் தொழிலுக்கு உரிமம் வழங்கி வருவாய் தேடியது. (சூது தீதென்பதில் ஐயமில்லை, வள்ளுவர் அதற்கெனத் தனியதிகாரமே வகுத்தார். ஆயின் ஈண்டு வழக்கு அதுவன்று.) அமெரிக்கா தன் சட்டங்களைக் காட்டி அத்தொழிலைத் தடுத்தது. 2003இல் தீவுநாடு உலக வணிக அமைப்பில் வழக்குத் தொடுத்தது. பொது ஒழுக்கம் காக்கவே தடை என்றது அமெரிக்கா. எத்தகைய ஒழுக்கம்? 1978ஆம் ஆண்டுச் சட்டத்தால், தன் நாட்டுக்குள் மாநிலம் விட்டு மாநிலம் குதிரைப் பந்தயம் கட்ட இசைவளித்த ஒழுக்கம்! இவ்வேறுபாட்டை 2005இல் மேன்முறையீட்டு ஆயமே சுட்டிற்று. அமெரிக்கா திருத்திக்கொள்ளவில்லையென 2007இல் மீண்டும் தீர்ப்பாயிற்று.

திருந்தியதா? இல்லை. பந்தயப் பணிக்கு வாயில் திறந்து தான் கையெழுத்திட்ட பட்டியலையே திருத்தப்போவதாக அவ்வாண்டு மே திங்களில் அறிவித்தது! ஐரோப்பிய ஒன்றியம், சப்பான், கனடா ஆகியவற்றுக்கு வேறு துறைகளில் விட்டுக்கொடுத்து இணக்கம் கண்டது. வழக்காடி வென்ற தீவுக்கோ? ஆண்டுக்கு 344 கோடி தாலர் இழப்பென்று அது முறையிட, நடுவர் மதிப்பிட்டது 2.1 கோடி. அதுவும் பணமாகத் தருகவென்பதன்று, அவ்வளவு மதிப்புக்கு அமெரிக்கரின் பதிப்புரிமை முதலியவற்றைப் புறந்தள்ளலாம் என்னும் இசைவே, 2013இல் கிடைத்தது. இறக்குமதிக்கு வரி கூட்டித் தண்டிக்கலாகாதா எனின், உணவையும் வெளியிலிருந்து வாங்கும் தீவு எதன்மேல் வரி கூட்டும்? தன் வயிற்றின்மேல்தான் கூட்ட வேண்டும்.

மாநிலங்கள் விளையாட்டுப் பந்தயத்துக்கு இசைவளிக்கலாகாதென்றிருந்த நடுவண் சட்டத்தை 2018இல் அமெரிக்க உச்சமுறைமன்றம் நீக்கிற்று. இன்று பல மாநிலங்களில் கைப்பேசியிலேயே பந்தயம் கட்டுகின்றனர்; வரி மாநிலக் கருவூலங்களுக்குப் பாய்கிறது. தீவுக்கு எதிராய்க் காத்த ஒழுக்கம் எங்கே ஒளிந்தது? இனியொரு சிறுநாடு இவ்வாறு வழக்காடி வெல்லினும், மேன்முறையீடு கேட்க ஆயமேனும் உண்டா? உறுப்பினர் அமர்த்தத்தை அமெரிக்கா தடுத்தமையால், 2019 திசம்பரிலிருந்து அவ்வாயம் முடங்கிக் கிடக்கிறது.