பிழை திருத்த வேண்டிய இடம் எது?

கற்றோர் நால்வர் கூடினால் பிறர் எழுத்தைப் பழிக்கும் பேச்சு அங்கே தவறாமல் எழுகின்றது. ஒருவருக்குக் காற்புள்ளி இல்லாத வாக்கியம் ஆகாது. இன்னொருவருக்கு மூன்று வியப்புக்குறிகளைக் கண்டால் தலைவலி. திருமண அழைப்பிதழில் ஒற்று மிகாதது கண்டு உண்ணாது திரும்பத் துணிந்தவர்களையும் நான் அறிவேன். சட்டத்தரணிகளாகிய எமக்கு இந்நோய் சற்று அதிகம். என் குற்றத்தை முதலில் ஒப்புக்கொண்டு பிறர் குற்றத்துக்கு வருகின்றேன்.

சில ஆண்டுகளுக்கு முன் பொகவந்தலாவைப் பகுதித் தோட்டமொன்றில் கொழுந்து பறித்து ஓய்வு பெற்ற ஓர் அம்மையார், தமது ஊழியர் சேமலாப நிதிப் பணத்தைப் பெறும் பொருட்டு என்னிடம் வந்தார். லயத்து இளைஞன் ஒருவன் அவருக்காக எழுதிய விண்ணப்பத்தைக் கையில் கொண்டுவந்தார். நான் சிவப்பு மையை எடுத்தேன். விட்டுப்போன ஒற்றுக்களை இட்டேன், லகர ளகரத்தைத் திருத்தினேன், காற்புள்ளிகளைச் சேர்த்தேன். அழகுபெற்ற விண்ணப்பம் அனுப்பப்பட்டது; அனுப்பியவாறே திரும்பியும் வந்தது. பிறப்பு அத்தாட்சிப் பத்திரத்தில் ஒரு பெயர், செக்ரோலில் வேறொரு பெயர், அடையாள அட்டையில் மூன்றாவது பெயர்! ஏழைப் பையனின் காற்புள்ளியைக் கண்ட என் கண், உத்தியோகத்தர்கள் மூவரின் பிழையைக் காணவில்லை. சத்தியக்கடதாசி முடித்துப் பணம் கைக்கு வருமுன் அந்த அம்மையார் பல மாதங்கள் கடன் வாங்கி உண்டார்.

இத்தகைய பிழை எப்படி நேர்கின்றது? மாரியாயி என்னும் பெயரை எடுத்துக்கொள்வோம். முதலெழுத்தின் கால் ஒன்று விடுபட்டால் மரியாயி ஆகிவிடும்; மாரியம்மன் பெயரைத் தாங்கியவர் மரியன்னையின் பெயரைத் தாங்குவார். செவியிற் கேட்டதைச் சிங்களத்தில் எழுதி, அதைப் பின்னர் ஆங்கிலத்தில் பெயர்த்து, மீண்டும் தமிழில் எழுதும்போது ழகரமும் ளகரமும் இடம் மாறுகின்றன. தந்தை பெயர் எது, பிள்ளை பெயர் எது என்று அறியாத இலிகிதர் இரண்டையும் மாற்றி வைக்கின்றார். பெற்றோர் காட்டிய இடத்தில் கைந்நாட்டு வைக்கின்றனர். எழுதியதை அவர்களுக்கு எவரும் வாசித்துக் காட்டுவதில்லை.

சிறு குறியின் வலிமையைச் சட்டம் நன்கறியும். 1916ஆம் ஆண்டில் அயர்லாந்து வீரர் ரொஜர் கேஸ்மென்ட் மீது இங்கிலாந்து அரசு இராசத்துரோக வழக்குத் தொடுத்தது. 1351ஆம் ஆண்டுச் சட்டத்தின் ஒரு வாசகத்தை எவ்விடத்தில் நிறுத்திப் படிப்பது என்பதே அங்கு பெரு வாதமாயிற்று. நீதிபதிகள் மூலச் சுவடியையே தேடிப் பார்த்தனர். ஒரு காற்புள்ளியால் தூக்கிலிடப்பட்டவர் என்று அவரை உலகம் இன்றும் சொல்கின்றது. அவருடைய காற்புள்ளியை ஆராய நீதிபதிகள் இருந்தார்கள். நம் தொழிலாளியின் பெயரை ஆராய யார் இருக்கின்றார்கள்?

மலையகத்தானுக்குப் பத்திரம் வெறுங் கடதாசி அன்று. 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் அவனை நாடற்றவனாக்கியது. 1949ஆம் ஆண்டு இந்திய பாகிஸ்தானிய வதிவோர் சட்டத்தின் கீழ் ஏறத்தாழ எட்டு இலட்சம் பேருக்காக விண்ணப்பங்கள் சென்றன. குடியுரிமை பெற்றோர் ஏறத்தாழ 1,34,000 பேரே. இடைவிடாது இங்கு வாழ்ந்ததைப் பத்திரங்களால் நிறுவுக என்றார்கள். ஏட்டுக்கு ஏடு பெயர் மாறுபவன் எதை நிறுவுவான்? 1964ஆம் ஆண்டு ஒப்பந்தம் எம்மைத் தலையெண்ணிப் பங்கிட்டது. 1988இலும் 2003இலும் வந்த சட்டங்களால் எஞ்சியோருக்குக் குடியுரிமை கிடைத்தது. உரிமை திருந்திற்று, எழுத்து இன்னும் திருந்தவில்லை.

1956இல் சிங்களம் மட்டுமே என்றார்கள். 1987ஆம் ஆண்டின் பதின்மூன்றாவது திருத்தத்தால் தமிழும் அரச கரும மொழியாயிற்று. ஆயினும் பேருந்து ஆசனத்தில் கர்ப்பிணித் தாய்மாருக்கு என எழுத வேண்டிய இடத்தில் தாயை நாயாக்கிய பலகையைப் பத்திரிகைகளில் கண்டோம், கண்டு சிரித்தோம். பலகையை நாளை அழித்து எழுதலாம். பதிவேட்டில் வீழ்ந்த பெயரை அவ்வாறு அழிக்க இயலுமா?

பொகவந்தலாவை சென்.மேரிஸ் தேவாலய வளவில் சார்ள்ஸ் ஹே கமரனும் அவர் மனைவியார் ஜூலியா மார்கரெட்டும் அடக்கம் செய்யப்பட்டிருக்கின்றனர். இலங்கையின் நீதிமுறைச் சீர்திருத்தத்துக்கு வழிவகுத்த சட்ட அறிஞர் அவர். புகைப்படக் கலையில் உலகப் புகழ் பெற்றவர் அம்மையார். இறந்து நூற்று நாற்பது ஆண்டுகளுக்கு மேலாகியும் அவர்கள் பெயர் மயக்கமின்றி நிலைத்திருக்கின்றது. அதே மலையில் உயிரோடு உழைப்பவருக்கு மூன்று பெயர்கள்! அவ்விருவர் மீது எமக்குக் காழ்ப்பில்லை. அவர்களுக்குக் காட்டிய கவனத்தில் ஒரு பங்கை எம்மவர்க்கும் காட்டுங்கள் என்றே கேட்கின்றோம்.

தன் காணி உறுதியில் எல்லை பிழைத்தால் எந்த விவசாயி பொறுப்பான்? பெயரும் ஒருவனுக்கு எல்லைதான். ஆகவே அரசிடம் நாம் கேட்பவை மூன்று. தமிழ் எழுதப் படிக்கத் தெரிந்த பதிவாளர்களைத் தோட்டப் பகுதிகளுக்கு நியமியுங்கள். கையொப்பம் வாங்குமுன் பெயரைப் பெற்றோருக்கு வாசித்துக் காட்டுங்கள். உத்தியோகத்தர் செய்த பிழையைத் திருத்தும் செலவைத் தொழிலாளியின் தலையில் சுமத்தாதீர்கள்.

கற்ற தமிழர்களிடம் கேட்பது ஒன்றே. ஞாயிறு தோறும் ஒரு மணி நேரம் தோட்டத்துக் கோவில் மண்டபத்தில் அமருங்கள். வருவோரின் பத்திரங்களை ஒன்றோடொன்று ஒப்பிட்டுப் பாருங்கள். ஓய்வு பெறும் நாளில் தெரிய வரும் பிழை, பிள்ளை பள்ளிக்குச் செல்லும் வயதிலேயே தெரிய வரட்டும். உங்கள் சிவப்பு மைக்கு அங்கே வேலை நிரம்ப இருக்கின்றது.