நட்சத்திரம் பிறப்பதைப் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள்

எங்கள் அடுத்த வீட்டுப் பையன் உயர்நிலைப் பள்ளியில் படிக்கிறான். அரையாண்டுப் பரீட்சைக்கு இரண்டு நாள் முன்பு திண்ணையில் உட்கார்ந்துகொண்டு, "நெபுலா என்னும் வாயு மேகம் ஈர்ப்பு விசையினால் சுருங்கி நட்சத்திரம் உண்டாகிறது" என்று உருப்போட்டுக்கொண்டிருந்தான். நான் சும்மா இருந்திருக்கலாம். இருக்கவில்லை.

"ஏண்டா தம்பி, ஊதுவத்திப் புகை நாலாபக்கமும் பரவித்தானே போகிறது? அந்த மேகம் மட்டும் ஏன் பரவாமல் சுருங்குகிறது?" என்று கேட்டேன்.

பையன் என்னைப் பரிதாபமாகப் பார்த்தான். "அதெல்லாம் கேக்க மாட்டாங்க, தாத்தா. ரெண்டு மார்க்குதான்" என்றான்.

பையன்மீது குற்றமில்லை. ஆசிரியர்மீதும் முழுப் பழியைப் போடுவதற்கில்லை. அவர் குறித்த தேதிக்குள் பாடங்களை முடித்தாக வேண்டும். ஆனால் விஞ்ஞானம் முழுவதும் அந்த 'ஏன்' என்பதில் அல்லவா இருக்கிறது? அதை விட்டு விடையை மட்டும் கொடுப்பது, தேங்காயை உடைத்துப் பருப்பை எறிந்துவிட்டு ஓட்டைக் கையில் கொடுப்பது போல.

இதைச் சொல்லித்தரப் புதிய சாஸ்திரம் ஒன்றும் வேண்டியதில்லை. நியூட்டனின் ஈர்ப்பு விதி, வாயுவின் அழுத்தம், வெப்பம் மூன்றும் பள்ளிக்கூடத்துப் பாடங்களே. மேகத்துக்குள் ஒரு மல்யுத்தம் நடக்கிறது. ஈர்ப்பு உள்ளே இழுக்கிறது. அழுத்தம் வெளியே தள்ளுகிறது. வாயு சூடாயிருந்தால் அழுத்தம் ஜெயிக்கும். குளிர்ந்து அடர்ந்திருந்தால் ஈர்ப்பு ஜெயிக்கும். எந்த அளவைத் தாண்டினால் மேகம் தன் பாரத்தால் தானே சரியத் தொடங்கும் என்பதை ஜேம்ஸ் ஜீன்ஸ் என்ற ஆங்கிலேயர் 1902-லேயே கணக்கிட்டுவிட்டார். ஆகவேதான் நட்சத்திரங்கள், பூஜ்யத்துக்குக் கீழே சுமார் 260 டிகிரி சென்டிகிரேடு வரை குளிர்ந்து கிடக்கும் இருண்ட மேகங்களில் பிறக்கின்றன. தகதகக்கும் நட்சத்திரத்துக்குப் பிறந்தகம் அப்பேர்ப்பட்ட குளிர் என்று சொன்னால் எந்தப் பிள்ளைதான் நிமிர்ந்து உட்காராது?

சுருங்கினால் ஏன் சூடாகிறது என்று கேட்டால், சைக்கிள் பம்பின் வாயை அடைத்துக்கொண்டு நாலு தடவை வேகமாக அடிக்கச் சொல்லுங்கள். பம்பின் அடிப்பாகம் சுடும். மேகத்திலும் அப்படியே. முதலில் அந்தச் சூடு வெளியே கசிந்துவிடுகிறது. மேகம் நன்றாக அடர்ந்த பிறகு போக வழியின்றி உள்ளேயே தங்குகிறது. நடுப்பகுதி ஒரு கோடி டிகிரியை எட்டும்போது ஹைட்ரஜன் ஹீலியமாக மாறத் தொடங்குகிறது. நம் சூரியன் இந்த நிலைக்கு வந்து சேரச் சுமார் 5 கோடி ஆண்டுகள் பிடித்தன. சுருங்கும் மேகம் ஏன் வேகமாகச் சுழல்கிறது என்பதற்குத் தலைமை ஆசிரியரின் சுழல் நாற்காலி போதும்: கையை நீட்டிச் சுற்றவிட்டு, பிறகு மடக்கச் சொன்னால் விளங்கிவிடும். (அவர் வெளியே போயிருக்கும் நேரமாகப் பார்ப்பது உசிதம்.)

இவ்வளவும் வகுப்பில். அதற்குப் பிறகு ஓர் இரவாவது பிள்ளைகளை மைதானத்துக்கு வரவழைக்க வேண்டும் என்பதே என் கட்சி.

தை, மாசியில் நிலவில்லாத இரவு எட்டு மணிக்கு மேல் அண்ணாந்து பார்த்தால் ஒரே வரிசையில் மூன்று நட்சத்திரங்கள் தெரியும். மேல்நாட்டார் அதை ஓரியன் என்னும் வேட்டைக்காரனின் இடைக்கச்சை என்பார்கள். அதற்குத் தெற்கே மங்கலாகத் தொங்குவது அவன் வாள். வாளின் நடுவே புகை படிந்தாற்போல் இருப்பதுதான் ஓரியன் நெபுலா. லண்டன் பையன் இதைத் தென்வானில் தாழ்வாக, குளிரில் நடுங்கிக்கொண்டு பார்க்கவேண்டும். நமக்கோ ஏறக்குறைய உச்சிக்கே வந்து நிற்கிறது. ஜவ்வாது மலையில் காவலூரில் உள்ள 2.34 மீட்டர் தொலைநோக்கியைப் பள்ளிக்கு வாங்கித் தரும்படி நான் கேட்கவில்லை. ஒரு பைனாகுலர் போதும்.

அந்தப் புகைக்குள் நான்கு இளம் நட்சத்திரங்கள் இருக்கின்றன. வயது சுமார் 10 லட்சம் ஆண்டுகள்தான். 460 கோடி வயதான சூரியனுக்கு முன் அவை தொட்டில் குழந்தைகள். நாம் காணும் வெளிச்சம் அவை ஏற்றிய விளக்கு. புதிய பிரசவங்கள் அதற்குப் பின்னால் உள்ள இருட்டில் நடக்கின்றன.

ஒன்றை மட்டும் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். ஹப்பிள் தொலைநோக்கி 1995-ல் எடுத்த வாயுத் தூண்களின் படம் கண்ணைப் பறிக்கும். பைனாகுலரில் தெரிவதோ சாம்பல் நிறப் பஞ்சுத் துணுக்கு. படத்தின் வர்ணங்கள், வெவ்வேறு வாயுக்களைப் பிரித்துக் காட்ட விஞ்ஞானிகள் கொடுத்தவை. 2021-ல் ஏவப்பட்ட வெப் தொலைநோக்கி பார்ப்பதோ பெரும்பாலும் நம் கண்ணுக்கே தெரியாத அகச்சிவப்புக் கதிர்களை. இதை மறைத்துப் படத்தை மட்டும் காட்டிவிட்டு வெளியே அழைத்துப்போனால், 'இவ்வளவுதானா?' என்று பிள்ளைகள் முகம் தொங்கிப்போகும்.

பெண் பிள்ளைகளை இரவில் எப்படி அனுப்புவது என்று தாய்மார்கள் கேட்பார்கள். நியாயம்தான். அவர்களும் கூட வரட்டும். பையன்கள் மட்டும் பார்த்தால் போதும் என்று விட்டுவிட்டால் பெண்கள் படத்தோடு நின்றுபோவார்கள். அதோடு, திருவாதிரை என்ற பெயரைத் தாய்மார்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. அதே வேட்டைக்காரனின் தோளில் சிவந்து நிற்பது அதுதான். பிறந்து சுமார் ஒரு கோடி ஆண்டுகளே ஆன போதிலும், பெருத்த உடம்பாதலால் கைப்பொருளை ஊதாரியாகச் செலவழித்து, இப்போதே அந்திமக் காலத்துக்கு வந்துவிட்டது. தொட்டிலையும் கிழப்பருவத்தையும் கழுத்தைச் சிறிது திருப்பினால் பார்த்துவிடலாம்.

பரீட்சை முடிந்து, தை மாதத்தில் ஒரு நாள் அந்தப் பையனை மொட்டை மாடிக்கு அழைத்துப்போனேன். வெகுநேரம் பைனாகுலரைக் கண்ணிலிருந்து எடுக்கவில்லை.

"தாத்தா, இப்போ இந்த நிமிஷம் அங்கே ஒண்ணு பொறந்துக்கிட்டிருக்குமா?"

"இருக்கலாம். ஆனால் நீ பார்க்கிற வெளிச்சம் புறப்பட்டு 1,300 ஆண்டுகளுக்கு மேலாகிறது. ராஜசிம்ம பல்லவன் காஞ்சியில் கைலாசநாதர் கோயில் கட்டிய காலத்தை ஒட்டிக் கிளம்பியது."

சற்று யோசித்தான். "அப்போ ஊதுவத்திப் புகையிலே ஏன் இப்படி ஆகலே? ரொம்பக் கொஞ்சமா இருக்கறதாலயா?"

கீழேயிருந்து அவன் அம்மா சாப்பிடக் கூப்பிட்டாள். இரண்டாம் தடவையும் கூப்பிட்டாள். அவன் இறங்குவதாக இல்லை.