அனுமதிப் பத்திரம் யாருக்குக் காப்பு?

பள்ளியிற் படிக்கும் 16, 17 வயதுப் பிள்ளைகள் பகுதிநேர வேலை செய்வதற்கு அனுமதி வேண்டும் என்னும் பேச்சு, 2022 ஆம் ஆண்டுப் பொருளாதார வீழ்ச்சியின் பின்னர் நாட்டில் வலுத்திருக்கின்றது. கையில் நாலு காசு சேரும், தொழிற்பழக்கமும் உண்டாகும் என்று நியாயம் கூறப்படுகின்றது. வறுமை வாட்டும் வீட்டில் இந்நியாயத்தை எவரும் எளிதில் தள்ளிவிடார். ஆனால், அந்த அனுமதி யாரைக் காப்பதற்கு என்னும் கேள்விக்கு முதலில் விடை வேண்டும்.

சட்டம் நடந்துவந்த பாதையைப் பார்ப்போம். இந்தியத் தொழிலாளரின் குறைந்தபட்ச வேதனம் பற்றிய 1927 ஆம் ஆண்டுச் சட்டம், தோட்டங்களில் 10 வயதுக்குட்பட்ட பிள்ளைகளை வேலைக்கு வைக்கலாகாது என்றது. தடை என்று அதற்குப் பெயர். 10 வயது நிரம்பிய பிள்ளை கொழுந்து கிள்ளலாம் என்பதே அதன் பொருள்! 1956 ஆம் ஆண்டின் 47 ஆம் இலக்கச் சட்டம் 14 வயதை எல்லையாக்கிற்று. 2016 இல் கட்டாயக் கல்வி 16 வயதுவரை நீண்டது. வேலைக்குரிய வயதோ 14 ஆகவே நின்றது. ஒரு சட்டம் பிள்ளையைப் பள்ளிக்கு அழைத்தது. மற்றொரு சட்டம் பட்டறைக்கு வழிவிட்டது. 2021 இற்றான் வேலை வயதும் 16 ஆயிற்று.

ஆகவே, 16 வயது நிரம்பியோர் அபாயமற்ற தொழில்களிற் சேர்வதற்குச் சட்டத்தின் கதவு ஏற்கெனவே திறந்துதான் இருக்கின்றது. இல்லாதது காவல்.

குடிசன மதிப்புப் புள்ளிவிபரத் திணைக்களம் 2016 இல் நடத்திய ஆய்வு, 5 முதல் 17 வயதுவரையான 43,714 பிள்ளைகளைச் சிறுவர் தொழிலாளர் எனக் கணக்கிட்டது. அவர்களுள் 39,007 பேர் அபாயத் தொழிலில் இருந்தனர். பத்தில் ஏறக்குறைய ஒன்பது பேர்! பதினெட்டு வயதுக்குட்பட்டோருக்கு ஆகாத 51 தொழில்கள் 2010 இல் நிரற்படுத்தப்பட்ட பின்னரே இந்த நிலை. நிரல் எழுதுவோர் இருந்தனர். நேரில் சென்று பார்ப்போர் போதவில்லை.

கமக்காரர் இதைக்கேட்டு மிரளவேண்டியதில்லை. பள்ளி தொடங்குமுன்னும் விட்டபின்னும் பெற்றாருடன் பிள்ளை இலேசான தோட்டவேலை செய்வதற்கு 1956 ஆம் ஆண்டுச் சட்டம் இடம் வைத்தது. வெங்காயத்துக்குத் தண்ணீர் மாறும் மகன் குற்றவாளியல்லன். ஆனால், பள்ளி நாளிலே பிறர் பிள்ளையைக் கூலிக்குப் பிடித்து, வளர்ந்தவருக்குக் கொடுப்பதிற் பாதியைக் கொடுப்பது உதவியன்று, சுரண்டல்.

எனவே, அனுமதிப் பத்திரம் வருமாயின் அது பிள்ளையை அவிழ்த்துவிடும் பத்திரமாகாது, வேலைகொள்வோனைக் கட்டும் பத்திரமாக வேண்டும். பிறப்பத்தாட்சியைப் பார்த்து, பள்ளி அதிபரின் வரவுச் சான்றுடன் தொழிற் கந்தோர் அதனை வழங்கவேண்டும். வேலை, நேரம், சம்பளம் மூன்றும் அதில் எழுதப்பட வேண்டும். பள்ளி வரவு குறைந்தால் பத்திரம் செல்லாதாக வேண்டும். மீறினால் தண்டம் முதலாளிக்கேயன்றி ஏழைப் பெற்றாருக்கன்று.

இன்னுமொன்று. 1987 ஆம் ஆண்டின் 13 ஆம் திருத்தத்தால் தமிழும் அரசகரும மொழியாயிற்று. வவுனியாவிலோ நுவரெலியாவிலோ ஒரு தாய் தனக்கு விளங்காத மொழியிற் கையொப்பமிடும் பத்திரம் காப்பாகாது, பொறியாகும்.

இக்காவல்கள் இன்றி அனுமதி என்ற பெயரில் எது வந்தாலும் எம்மவர் அதனை எதிர்த்தல் வேண்டும். வகுப்பில் ஒரு வாங்கு வெறுமையானால் ஆசிரியர் காரணம் கேட்கட்டும். தட்டிக்கேட்க வகையற்ற பெற்றாருக்காகச் சட்டத்தரணிகள் கூலிபெறாது தொழிற் கந்தோர்ப் படியேறட்டும். எம்மவர் பலருக்குப் பிள்ளையின் படிப்பே முதுசொம். அதனை நாட்கூலிக்கு ஈடுவைக்க எவருக்கும் அனுமதி கொடுக்கலாகாது.