பெயர் இல்லாத மரணங்கள்

தாய்லாந்தின் காஞ்சனபுரிக்கு அண்மையில் சென்றிருந்தேன். இரண்டாம் உலகப் போரின்போது ஜப்பானிய ராணுவம் சயாம் - பர்மா ரயில் பாதையை அமைத்த பகுதி அது. 415 கி.மீ. நீளப் பாதை 1942-இல் தொடங்கப்பட்டு 1943 அக்டோபரில் முடிக்கப்பட்டது. வழிநெடுகக் கட்டாய உழைப்பு முகாம்கள் இருந்தன. பசியாலும், காலராவாலும், அடியாலும் அங்கே மனிதர்கள் மடிந்தனர்.

நகரிலுள்ள போர்க் கல்லறைத் தோட்டத்தில் ஏறத்தாழ 7,000 போர்க்கைதிகள் அடக்கம் செய்யப்பட்டுள்ளனர். பெரும்பாலான கற்களில் பெயரும் படைப்பிரிவும் உள்ளன. அதே ஊரில், புத்தர் கோயில் ஒன்றின் வளாகத்தில், தமிழ்த் தொழிலாளர்களுக்கு 2023 மே மாதம் நடுகல் எழுப்பப்பட்டது. மலேயா ரப்பர் தோட்டங்களிலிருந்து ஆசை காட்டியும் வளைத்துப் பிடித்தும் கொண்டுவரப்பட்டவர்கள் அவர்கள்.

இறந்த போர்க்கைதிகள் 12,000-க்கும் மேல். இறந்த ஆசியத் தொழிலாளர்கள் 90,000 வரை இருக்கலாம் என்பது மதிப்பீடு மட்டுமே. கைதிகளின் அதிகாரிகள் முகாமிலும் மறைவாக இறப்புக் குறிப்பு எழுதினர். கூலிகளுக்காக எழுத யாரும் இல்லை. நடுகல்லில் பெயர் பொறிப்பது நம் மரபு. இவர்களுக்கோ முழுமையான பெயர்ப் பட்டியலே கிடையாது.

அங்கு நின்றபோது திருப்பூர் நினைவுக்கு வந்தது. அந்தக் கொலைக்களத்தோடு நம் பனியன் கம்பெனிகளை ஒப்பிடவில்லை. அது இறந்தவர்களுக்கு இழைக்கும் அநீதி. ஆனால் பதிவேடு பற்றிய கேள்வி நமக்கும் உரியது. ஒடிசாவிலிருந்தும் பிகாரிலிருந்தும் வரும் தொழிலாளி, ஒப்பந்ததாரர் கைமாற, ஒரு ஜாப் ஒர்க் யூனிட்டிலிருந்து இன்னொன்றுக்குப் போகிறார். எந்த ஏட்டில் அவர் பெயர் இருக்கிறது?

வெளிமாநிலத் தொழிலாளருக்குப் பாஸ்புக் தர வேண்டும் என்று 1979-ஆம் ஆண்டுச் சட்டமே சொன்னது. ஆயினும், பொதுமுடக்கக் காலத்தில் இறந்த புலம்பெயர் தொழிலாளர்கள் பற்றிய விவரம் இல்லை என்று 2020 செப்டம்பரில் மத்திய அரசு மக்களவையில் தெரிவித்தது. விவரம் இல்லாத இடத்தில் இழப்பீடும் இல்லை. ஊரில் காத்திருக்கும் குடும்பத்துக்குப் பதிலும் இல்லை.

பெயர், சொந்த ஊர், வீட்டாரின் தொலைபேசி எண். இம்மூன்றையும் பணியில் சேரும் நாளிலேயே தொழிலாளர் துறையிடம் ஒப்பந்ததாரர் தந்தாக வேண்டும். தந்தாரா என்று பார்க்கும் பொறுப்பை ஆர்டர் கொடுக்கும் ஏற்றுமதியாளரும் ஏற்க வேண்டும். துணியின் ஒவ்வொரு ரோலுக்கும் கணக்கு வைக்கத் தெரிந்த ஊருக்கு இது இயலாத காரியமல்ல.