‘வெ’ என்று தொடங்கிய இரண்டு மருந்துகள்: தவறியது செவிலியரா, மருத்துவமனையா?

2017 டிசம்பர் 26. அமெரிக்காவின் டென்னிசி மாநிலம், நாஷ்வில் நகரம். மூளையில் ரத்தக்கசிவு ஏற்பட்டு வாண்டர்பில்ட் பல்கலைக்கழக மருத்துவமனையில் சேர்க்கப்பட்டிருந்த 75 வயதுப் பெண் தேறிவந்தார். ஸ்கேன் எடுக்க அவரை அழைத்துச் சென்றார்கள். குறுகலான இயந்திரத்துக்குள் படுக்க அவருக்குப் பயம். பதற்றம் தணிவதற்காக ‘வெர்செட்’ என்ற மருந்தைக் கொடுக்கச் சொன்னார் மருத்துவர். ரடோண்டா வாட் என்ற செவிலியர் மருந்தை எடுத்துவந்து ஊசி போட்டார்.

ஆனால், உடம்புக்குள் போனது ‘வெக்குரோனியம்’. செயற்கை சுவாசக் கருவி பொருத்தப்பட்டவர்களுக்கு, தசைகளை அசையவிடாமல் நிறுத்தக் கொடுக்கும் மருந்து இது. கருவி இல்லாதவருக்குக் கொடுத்தால் மூச்சு விடவே முடியாது. நினைவு மட்டும் சிறிது நேரம் இருக்கும். கத்தவும் முடியாது. சுமார் அரை மணி நேரம் கழித்துத்தான் அந்தப் பெண் பேச்சுமூச்சின்றிக் கிடப்பதைப் பார்த்தார்கள். மறுநாள் அவர் இறந்துபோனார்.

2022 மார்ச் 25 அன்று ரடோண்டா வாட் குற்றவாளி எனத் தீர்ப்பானது. பணியில் நடந்த ஒரு மருந்துப் பிழைக்காக ஒரு செவிலியரைக் குற்றவியல் நீதிமன்றத்தில் நிறுத்தலாமா என்ற கேள்வி அன்று முதல் உலகமெங்கும் செவிலியர் ஓய்வறைகளில் ஓயவில்லை.

தவறு நடந்தது எப்படி?

அமெரிக்க மருத்துவமனைகளில் வார்டு மருந்துகள் கணினியில் இயங்கும் அலமாரியில் பூட்டப்பட்டிருக்கும். மருந்தின் பெயரைத் தட்டச்சு செய்தால் உரிய அறை மட்டும் திறக்கும். வாட் ‘வெர்செட்’ என்ற வணிகப் பெயரின் முதல் இரண்டு ஆங்கில எழுத்துகளைத் தட்டினார். அலமாரியோ மூலப்பெயரைத்தான் தேடும். வெர்செட்டின் மூலப்பெயர் ‘மிடாசோலம்’. அதனால் மருந்து வரவில்லை. அவசரத்துக்கு விதியைத் தாண்டி மருந்து எடுக்கும் வழி ஒன்று உண்டு. அதை அழுத்தினார். ‘வெ’ என்று தொடங்கும் வெக்குரோனியம் வந்து நின்றது.

அதன் பிறகும் தடுக்க வாய்ப்புகள் இருந்தன. மிடாசோலம் திரவமாக வரும். வெக்குரோனியம் தூள், கரைத்துத்தான் ஏற்ற வேண்டும். குப்பியின் மூடியிலேயே ‘எச்சரிக்கை: தசைகளைச் செயலிழக்கச் செய்யும் மருந்து’ என்று எழுதியிருக்கும். ஊசி போட்ட பிறகு அருகில் நின்று கவனித்திருந்தால் மூச்சு நின்றது தெரிந்திருக்கும். இவை எதுவும் நடக்கவில்லை. இதைத்தான் அரசுத் தரப்பு நீதிமன்றத்தில் அடுக்கியது.

எதிர்த் தரப்பிலும் ஒரு பட்டியல் இருந்தது. மருத்துவமனை அப்போதுதான் புதிய கணினி முறைக்கு மாறியிருந்தது. மருந்து கிடைப்பதில் தாமதம். விதியைத் தாண்டி மருந்து எடுப்பது அன்றாட வழக்கமாகிவிட்டது என்றார் வாட். ஸ்கேன் பகுதியில் மருந்தின் பார்கோடை ஸ்கேன் செய்து சரிபார்க்கும் கருவி இல்லை. அன்று அவருடன் ஒரு பயிற்சிச் செவிலியரும் இருந்தார். அவரிடம் பேசிக்கொண்டே மருந்து எடுத்ததில் கவனம் சிதறியதையும் வாட் ஒப்புக்கொண்டார்.

‘ஐந்து சரி’ போதுமா?

செவிலியர் படிப்பில் முதல் ஆண்டிலேயே மனப்பாடம் செய்ய வைக்கும் பாடம் ஒன்று உண்டு. சரியான நோயாளி, சரியான மருந்து, சரியான அளவு, சரியான வழி, சரியான நேரம். இந்த ‘ஐந்து சரி’யுடன் சரியான பதிவு, சரியான காரணம் என்று பின்னாளில் இன்னும் சில சேர்ந்தன.

பாடம் தவறில்லை. ஆனால், இவை எட்ட வேண்டிய இலக்குகள். அங்கே போகும் வழியை இவை சொல்வதில்லை. ‘சரியான மருந்து கொடு’ என்பது சரி. ஒரே மாதிரி பெயர், ஒரே மாதிரி குப்பி, இருட்டான வார்டு, ஒரு சிஸ்டருக்கு முப்பது நோயாளி என்றால் எப்படிக் கொடுப்பது? அந்த இடத்தில்தான் நடைமுறை தேவைப்படுகிறது.

உண்மையில் உதவுவது எது?

பெயரைக் கேட்கும் விதம். “நீங்கதானே முருகன்?” என்று கேட்டால், அரைத்தூக்கத்தில் இருப்பவர் யாராக இருந்தாலும் தலையாட்டிவிடுவார். “உங்க பேர் என்ன, சொல்லுங்க” என்று கேட்க வேண்டும். பெயருடன் மருத்துவமனை எண் அல்லது பிறந்த தேதி, ஆக இரண்டு அடையாளம். படுக்கை எண் அடையாளம் ஆகாது, படுக்கை மாறும்.

மூன்று முறை லேபிள். மருந்தை எடுக்கும்போது ஒரு முறை, தயாரிக்கும்போது ஒரு முறை, நோயாளியின் அருகில் கொடுப்பதற்கு முன் ஒரு முறை. சிரிஞ்சில் ஏற்றியதும் மருந்தின் பெயரும் அளவும் ஒட்ட வேண்டும். மருந்து ஏற்றிய சிரிஞ்சுகள் பலவும் பார்க்கத் தண்ணீர் மாதிரிதான் இருக்கும். அடுத்தவர் ஏற்றிவைத்த, லேபிள் இல்லாத ஊசியைப் போடக் கூடாது.

புள்ளியும் பூஜ்யமும். மருந்துச் சீட்டில் 5.0 என்று எழுதினால், புள்ளி மங்கிவிட்டால் 50 ஆகிவிடும். .5 என்று எழுதினால் 5 ஆகிவிடும். எனவே 5 என்றும் 0.5 என்றும்தான் எழுத வேண்டும். இன்சுலினுக்கு ‘யூனிட்’ என்பதை முழுமையாக எழுதச் சொல்வதும் இதனால்தான். ஆங்கிலத்தின் முதல் எழுத்தை மட்டும் எழுதினால் அது பூஜ்யமாகத் தெரிந்து, அளவு பத்து மடங்காகும்.

ஆபத்து மிகுந்த மருந்துகளுக்குத் தனி விதி. இன்சுலின், ஹெப்பாரின், மார்பின், அடர் பொட்டாசியம் குளோரைடு, தசை செயலிழப்பு மருந்துகள். இவற்றைக் கொடுப்பதற்கு முன் இன்னொரு செவிலியர் தனியாகக் கணக்கிட்டுப் பார்க்க வேண்டும். “பத்து யூனிட், சரிதானே சிஸ்டர்?” என்று கேட்டு “சரி” என்று வாங்குவது சரிபார்ப்பு இல்லை. அடர் பொட்டாசியத்தை வார்டு அலமாரியிலேயே வைக்காமல் இருப்பது அதைவிடப் பாதுகாப்பு.

குறுக்கிடாமை. ஆஸ்திரேலியாவில் சிட்னியின் இரண்டு மருத்துவமனைகளில் 98 செவிலியர்களைக் கவனித்து 2010-ல் வெளியான ஆய்வில், மருந்து கொடுக்கும்போது நேர்ந்த ஒவ்வொரு குறுக்கீட்டுடனும் மருத்துவப் பிழைகள் 12.7 சதவீதம் கூடுவது தெரிந்தது. போன், “டிரிப்ஸ் முடிஞ்சிருச்சு” என்ற குரல், மருத்துவரின் அழைப்பு எல்லாமே குறுக்கீடுதான்.

பார்கோடு. 1990-களில் அமெரிக்காவின் டொபீகா நகரில், முன்னாள் படைவீரர் மருத்துவமனையின் செவிலியர் ஒருவர் வாடகை காரைத் திருப்பிக் கொடுக்கப் போனார். ஊழியர் காரின் பார்கோடை ஸ்கேன் செய்வதைப் பார்த்தார். காருக்குச் செய்வதை நோயாளிக்குச் செய்ய முடியாதா என்ற அவருடைய யோசனைதான், நோயாளியின் கைப்பட்டையையும் மருந்தையும் ஸ்கேன் செய்து பொருத்திப் பார்க்கும் முறையாக வளர்ந்தது. பாஸ்டனின் பிரிகாம் மருத்துவமனையில் நடந்து 2010-ல் வெளியான ஆய்வில், நேரம் தவறுவது நீங்கலான மருந்துப் பிழைகள் இதனால் 11.5 சதவீதத்திலிருந்து 6.8 சதவீதமாகக் குறைந்தன.

தண்டனை யாருக்குக் கிடைத்தது?

தவறு தெரிந்ததுமே வாட் ஒப்புக்கொண்டார். எதையும் மறைக்கவில்லை. 2018 ஜனவரியில் வேலை போனது. மருத்துவமனையோ சட்டப்படி மாநில அரசுக்குத் தெரிவிக்க வேண்டிய இந்த மரணத்தைத் தெரிவிக்கவில்லை. குடும்பத்துடன் நீதிமன்றத்துக்கு வெளியே சமரசம் செய்துகொண்டது. 2018 அக்டோபரில் பெயர் சொல்லாத ஒருவர் அரசுக்குத் தகவல் அனுப்பிய பிறகே விஷயம் வெளியே வந்தது. 2019-ல் வாட் கைதானார்; 2021-ல் செவிலியர் உரிமம் பறிபோனது; 2022 மே மாதம் மூன்று ஆண்டு நன்னடத்தைக் கண்காணிப்பு விதிக்கப்பட்டது. மருத்துவமனை மீது குற்றவழக்கு இல்லை.

“உண்மையைச் சொன்னால் ஜெயில் என்றால், இனி யார் சொல்வார்கள்?” என்பதே செவிலியர் அமைப்புகளின் கேள்வி. சொல்லப்படாத பிழையிலிருந்து யாரும் பாடம் கற்க முடியாது; அதே பிழை அடுத்த வார்டில் திரும்ப நடக்கும். அதே நேரம், இத்தனை எச்சரிக்கைகளைத் தாண்டியதற்கு விலையே இல்லையா என்ற கேள்வியையும் எளிதில் தள்ளிவிட முடியாது. மனிதர் என்பதால் நேரும் மறதி வேறு, தெரிந்தே விதியை மீறும் அலட்சியம் வேறு. முதலாவதற்கு ஆறுதலும் பயிற்சியும், இரண்டாவதற்கு நடவடிக்கையும் தேவை என்பது நிபுணர்கள் சொல்லும் நடுவழி. இந்த வழக்கில் அந்தக் கோடு எங்கே விழுகிறது என்பதில்தான் கருத்து பிரிகிறது. கெண்டக்கி மாநிலம் 2024-ல், சாதாரண மருத்துவப் பிழைகளுக்குச் சுகாதாரப் பணியாளர்கள் மீது குற்றவழக்கு தொடர முடியாதபடி சட்டம் இயற்றியது. கடும் அலட்சியத்துக்கு அதில் விலக்கு இல்லை.

இந்தியாவில் என்ன நிலை?

2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 106(1) பிரிவு, அலட்சியத்தால் மரணம் விளைவித்தால் ஐந்து ஆண்டுகள் வரை சிறை என்கிறது. மருத்துவ சிகிச்சையின்போது பதிவுபெற்ற மருத்துவரால் நேர்ந்தால் இரண்டு ஆண்டுகள் வரை. அந்தச் சலுகைக்கான விளக்கத்தில், தேசிய மருத்துவ ஆணையச் சட்டப்படி தகுதி பெற்றுப் பதிவு செய்த மருத்துவர்கள் மட்டுமே வருகிறார்கள். செவிலியர்கள் இல்லை. பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 304-ஏ பிரிவில் எல்லோருக்கும் இரண்டு ஆண்டுகள்தான் உச்சபட்சம். அதாவது, ஒரே வார்டில் ஒரே நோயாளிக்கு நேர்ந்த மரணத்தில், சீட்டு எழுதியவரைவிட ஊசி போட்டவருக்குக் கூடுதல் தண்டனை கிடைக்கச் சட்டத்தில் இப்போது இடமிருக்கிறது.

நீங்கள் என்ன செய்யலாம்?

உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டில், மருந்துப் பிழைகளால் உலகுக்கு ஆண்டுதோறும் ஏற்படும் செலவு 4,200 கோடி டாலர். அந்த நிறுவனம் 2017-ல் தொடங்கிய ‘தீங்கில்லா மருந்து’ இயக்கம், நோயாளியையும் பாதுகாப்பு வளையத்தில் ஓர் ஆளாகச் சேர்க்கிறது. ஊசி போட வரும்போது “என்ன மருந்து சிஸ்டர், எதுக்கு?” என்று கேட்கலாம். ஒவ்வாமை இருந்தால், கேட்காவிட்டாலும் சொல்ல வேண்டும். வீட்டில் சாப்பிடும் பிரஷர், சுகர் மாத்திரைகளின் அட்டையையே கொண்டுபோய்க் காட்டலாம். மாத்திரையின் நிறம் மாறியிருந்தால் விழுங்கும் முன் கேட்டுவிடலாம். செவிலியர் மருந்து எண்ணும்போது பேச்சுக் கொடுக்காமல் இருப்பதும் உதவிதான்.

நாஷ்வில்லில் ஊசி போடும் முன் யாரோ ஒருவர் குப்பியின் பெயரைச் சத்தமாகப் படித்திருந்தால் போதும். அதைப் படிக்க நேரமும் ஆளும் கருவியும் கொடுப்பது மருத்துவமனையின் வேலை. படிப்பது செவிலியரின் வேலை. ஒன்று இருந்து மற்றது இல்லாவிட்டால், தவறு மறுபடியும் நடக்கவே செய்யும்.