ஊற்றி நிரப்புவது பழுதுபார்ப்பதல்ல



காரின் பிரேக் மாஸ்டர் சிலிண்டரை வீட்டில் மாற்றியவர்கள் இதை அறிவார்கள். அதன் பின்புற சீல் கசிந்தால், பிரேக் ஆயில் தரையில் சொட்டாமல் பூஸ்டருக்குள் இறங்கக்கூடும். தரை காய்ந்திருக்கும், டப்பாவில் அளவு குறையும். ஆயிலை ஊற்றிக்கொண்டே இருப்பது பழுதுபார்ப்பதல்ல. புதிய சிலிண்டரைப் பொருத்தினாலும், குழாயில் சிக்கிய காற்றை வெளியேற்றாவிட்டால் பெடல் பஞ்சுபோல் அமுங்கும்.

மறைவான பாவமும் இவ்வாறே. ஞாயிறுதோறும் ஆராதனையில் நிரம்புகிறோம். வாரமெல்லாம் உள்ளே கசிகிறோம். அறிக்கையிடுவதோடும் நின்றுவிடலாகாது. சகேயு, ஏமாற்றியதை நான்கு மடங்காகத் திருப்பித்தர முன்வந்தான். நீங்கள் யாருக்கு என்ன திருப்பித்தர வேண்டும்? இன்றே செய்யுங்கள். உங்கள் வண்டியில் உங்கள் பிள்ளைகளும் அமர்ந்திருக்கிறார்கள்.

கர்த்தர் உங்களைப் பெலப்படுத்துவாராக. ஆமென்.