ராஜபாளையம் நாய்க்கு நீவிவிடும் கை

நாய்களுக்கு மசாஜ், கை வழியே ஆற்றல் பாய்ச்சுவதாகச் சொல்லும் ரெய்கி என்று இரண்டையும் சேர்த்துச் செய்துதரும் சேவை பெருநகரங்களில் வந்துவிட்டது. சுந்தரபாண்டியம், வத்திராயிருப்புப் பக்கம் தோப்புக் காவலுக்கு நாய் வளர்ப்பவர்களிடம் சொன்னால், காசு மிஞ்சியவர்களின் வேலை என்பார்கள். அப்படி மொத்தமாகத் தள்ளிவிடக் கூடாது. ஒரே மூட்டையாகக் கட்டித் தரப்படும் இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்க வேண்டும். நீவிவிடுவதால் பலன் உண்டு; ரெய்கி சொல்லிக்கொள்ளும் பலனுக்கு ஆதாரம் இல்லை. அந்த நீவல், வேறெந்த நாயையும்விட நம் ராஜபாளையம் நாய்க்குத்தான் அதிகம் தேவை என்பது என் கட்சி.

பால்வெள்ளை உடம்பும் இளஞ்சிவப்பு மூக்கும்தான் இந்த நாயின் அழகு. அந்த வெண்மைக்கு நாய் கொடுக்கும் விலை பெரிது. தோலுக்கு நிறம் தரும் செல்கள் உட்காதுக்கும் வேண்டும். அவை அங்கே இல்லாவிட்டால், பிறந்த சில வாரங்களிலேயே ஒலியை உணரும் செல்கள் பட்டுப்போகும். அதனால்தான் இந்த இனத்தில் சில குட்டிகள் செவிடாகிவிடுகின்றன. காட்டுப்பன்றி வேட்டைக்கென்று வளர்த்த இனம் இது. 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பின் வேட்டை போய்விட்டது. காவல் மட்டும் மிஞ்சியது. 2005-இல் அஞ்சல்துறை தபால்தலை வெளியிட்டுப் பெருமைப்படுத்திய நாய், இன்று பல இடங்களில் பகல் முழுக்கச் சங்கிலியில் கிடக்கிறது. காது கேட்காத நாய்க்கு அதட்டலும் தெரியாது, கொஞ்சலும் தெரியாது. தூங்கும்போது சட்டென்று தொட்டால் திடுக்கிட்டுக் கடிக்கும். உடனே அதற்குப் பொல்லாத நாய் என்று பெயர் வந்துவிடும். குட்டியிலிருந்தே தினமும் தோளில் கைவைத்து, நீவி, தின்ன ஏதாவது கொடுத்துப் பழக்கினால், அந்தத் தொடுகையே அதைக் கூப்பிடும் குரலாகிவிடும்.

இது வெறும் பாசப் பேச்சு இல்லை. தென்னாப்பிரிக்காவில் ஒடெண்டால், மெயின்ட்யெஸ் என்ற இருவர் 2003-இல் வெளியிட்ட ஆய்வில், நாயைத் தடவிக்கொடுத்தபோது நாய், மனிதர் இருவருக்குமே பிணைப்பு ஹார்மோனான ஆக்சிடோசின் கூடியது, ரத்த அழுத்தம் குறைந்தது. அமெரிக்காவின் ஓஹையோவில் ஒரு நாய்க் காப்பகத்தில், ரத்தம் எடுக்கும்போது ஏறும் பதற்ற ஹார்மோனான கார்டிசால், நிதானமாகத் தடவிக்கொடுத்த நாய்களுக்கு அவ்வளவாக ஏறவில்லை. எப்படித் தொடுகிறோம் என்பதும் முக்கியம். மேலே குனிந்து தலையில் தட்டுவதும் பாதத்தைப் பிடிப்பதும் பெரும்பாலான நாய்களுக்குப் பிடிக்காது. பக்கவாட்டில் உட்கார்ந்து, கழுத்தோரம் தொடங்கி, முதுகெலும்பை அழுத்தாமல் அதன் இருபுறச் சதையில் உள்ளங்கையால் மெல்ல இறங்க வேண்டும். உதட்டை நக்கினாலோ, முகத்தைத் திருப்பினாலோ, கண்ணின் வெள்ளை தெரிந்தாலோ கையை எடுத்துவிட வேண்டும். பெருமூச்சு விட்டு இடுப்பைச் சாய்த்துப் படுத்தால் தொடரலாம்.

கொஞ்சினால் காவல் குணம் போய்விடும் என்பது நம் பக்கத்தில் எப்போதும் கேட்கும் வாதம். வளர்ப்பவர் கைக்குப் பழகுவது வேறு, அந்நியரை அண்டவிடுவது வேறு. ஒருவரிடமே ஒட்டிக்கொள்ளும் இந்த இனம் அந்த வித்தியாசத்தை நன்றாக அறியும். தொட விடாத நாயால்தான் சிக்கல். வெறிநாய்க்கடித் தடுப்பூசி போட அதை நாலு பேர் அமுக்கிப் பிடிக்க வேண்டியிருக்கிறது. அடுத்த வருடம் அந்தத் தொல்லைக்கே பயந்து ஊசியை விட்டுவிடுகிறார்கள். காது மடலுக்குள்ளும் விரல் இடுக்கிலும் ஒளிந்திருக்கும் உண்ணியும், தோலுக்கடியில் புதிதாகத் தட்டுப்படும் கட்டியும் தினமும் நீவும் கைக்குத்தான் முதலில் அகப்படும். மசாஜின் ஆகப்பெரிய பலனாக நான் இதையே சொல்வேன்.

ரெய்கியின் கதை வேறு. 1922-இல் ஜப்பானில் மிக்காவோ உசுய் தொடங்கிய முறை அது. கை வழியே உயிராற்றல் பாய்கிறது என்கிறது. அந்த ஆற்றலை எந்தக் கருவியும் அளந்ததில்லை. நாய்க்கு நம்பிக்கை, அவநம்பிக்கை கிடையாது, ஆகவே அது தேறினால் சிகிச்சைதானே காரணம் என்று கேட்பார்கள். கேட்கத் தக்க கேள்விதான். மூட்டு நோயால் நொண்டும் 58 நாய்களுக்கு மருந்தில்லாத போலி மாத்திரை கொடுத்துச் செய்த ஓர் ஆய்வு 2012-இல் அமெரிக்காவில் வெளியானது. காலில் ஊன்றும் எடையைத் தரையில் பதித்த தகடு அளந்தது. தகட்டில் மாற்றம் தெரியாதபோதும் வளர்ப்பவர்கள் பலர் நடை தேறிவிட்டது என்றார்கள்; கால்நடை மருத்துவர்களும் இந்த மயக்கத்துக்குத் தப்பவில்லை. நம்பிக்கை நாய்க்குத் தேவையில்லை, பார்ப்பவருக்கு இருந்தாலே போதும் என்று ஆகிறது. ரெய்கி வேளையில் நாய் உண்மையிலேயே அமைதியாகலாம், மறுக்கவில்லை. ஒரு மனிதர் அரைமணி நேரம் அதட்டாமல், சங்கிலியை இழுக்காமல் பக்கத்தில் இருந்ததன் பலன் அது. அதை எந்த வீட்டிலும் காசில்லாமல் கொடுக்கலாம்.

கெடுதல் இல்லையே, இருந்துவிட்டுப் போகட்டும் என்றும் விடமுடியாது. ராஜபாளையம் போல நெஞ்சு ஆழமான பெரிய நாய்களுக்கு இரைப்பை உப்பி முறுக்கிக்கொள்ளும் ஆபத்து உண்டு. வயிறு பறைபோல் விம்மி, வாந்தி வராமல் குமட்டும் நாய்க்குக் கையில் இருப்பது சில மணி நேரம்தான். அப்போது வயிற்றை நீவுவதும் தவறு, கையை மேலே வைத்துக் காத்திருப்பதும் தவறு. உண்ணிக் காய்ச்சலில் ஈறு வெளுத்து, தீனி மறுக்கும் நாய்க்கும் நாள் கடத்தக் கூடாது. காலத்தில் டாக்ஸிசைக்ளின் போன்ற மருந்து தொடங்கினால் பெரும்பாலும் பிழைக்கும் நோய் அது. ரத்தப் பரிசோதனைக்கும் மாத்திரைக்கும் போக வேண்டிய பணமும் நேரமும் ரெய்கிக்குப் போனால், இழப்பு அந்த வாயில்லா ஜீவனுக்குத்தான்.